சின்னத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு?

அன்புள்ள தம்பிக்கு,

வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து உரிமம் வாங்கிவிட்டாய். .223 ரெமிங்டன் துப்பாக்கி ஒன்றும் கைக்கு வந்துவிட்டது. நவம்பர் முதல் சனிக்கிழமை டெக்சஸில் வெள்ளைவால் மான் பருவம் தொடங்குகிறது. இனி கடைக்குப் போய் ஒரு பெட்டித் தோட்டா வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று நினைப்பாய். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். .223 மானுக்குப் போதுமா போதாதா என்ற சண்டை அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே அரை நூற்றாண்டாக ஓய்ந்தபாடில்லை. போதும் என்பவர்களும் போதாது என்பவர்களும் துப்பாக்கியின் பெயரைச் சொல்லிச் சொல்லியே சண்டை போடுகிறார்கள். குண்டின் பெயரை யாரும் எடுப்பதில்லை. என் கட்சி இதுதான்: துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கக் குண்டின் கட்டுமானம் பெரிய விஷயமாகிறது. .30 காலிபர் வைத்திருப்பவன் கடையில் கைக்கு எட்டிய மான்பெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகலாம். நீ அப்படிப் போக முடியாது. எந்தக் குண்டு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எத்தனை கெஜத்தில், எந்தக் கோணத்தில் சுடலாம் என்பதை அந்தக் குண்டிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவன் நீ.

இதைத் தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கட்டும். டெக்சஸ் கதை வேறு. ஓநாயும் பூமாவும் பெரும்பாலான இடங்களிலிருந்து போய்விட்ட நிலத்தில் லட்சக்கணக்கில் பெருகிய மான்களை அரசே ஆண்டுதோறும் உரிமம் கொடுத்துக் குறைக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீ வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. கொல்வது சரியா என்ற கேள்வியை உன் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன். கொல்வதென்று முடிவு செய்தபின் எப்படிக் கொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. இன்னொன்று: தோட்டா என்று நான் சொல்வது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுசை, குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து போகிற முனையை மட்டும்.

முதலில் உன் கையில் இருப்பது என்ன என்று பார். .223 ரெமிங்டன் 1964-இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கிக்காக உருவான தோட்டாவின் பொதுச்சந்தை வடிவம். குண்டின் விட்டம் 5.7 மில்லிமீட்டர். சிறுவர்கள் தகர டப்பாவைச் சுட்டுப் பழகும் .22 ரிம்ஃபயர் குண்டும் ஏறக்குறைய இதே பருமன்தான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் எடையுள்ள குண்டு குழல்வாயிலிருந்து நொடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்புகிறது. ரெமிங்டன் அட்டவணைப்படி அந்த நேரத்தில் அதன் ஆற்றல் 1,282 அடி-பவுண்டு. 100 கெஜம் போவதற்குள் 921 ஆகிவிடுகிறது. 200 கெஜத்தில் 648. மானுக்கு 1,000 அடி-பவுண்டாவது வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. கொலராடோ மாநிலம் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது: மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு. வர்ஜீனியாவில் .23-க்குக் கீழே மான் வேட்டைக்கு அனுமதி இல்லை. மின்னசோட்டாவில் .22 சென்டர்ஃபயர் செல்லும், குண்டு விரிகிற வகையாக இருக்க வேண்டும். டெக்சஸில் ரிம்ஃபயர் கூடாது என்பதோடு சரி. ஆக, உன் துப்பாக்கி ஒரு மாநிலத்தில் சட்டத்துக்கு உட்பட்டது, எல்லை தாண்டினால் குற்றம். மான் மட்டும் இரண்டு பக்கமும் அதே மான்.

ஆற்றல் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதற்கு .30-30 வின்செஸ்டரே சாட்சி. 1895-இல் வந்த தோட்டா. அமெரிக்கக் காடுகளில் நூறு வருஷத்துக்கு மேலாக மான் சுட்டுவரும் தோட்டா. அதன் 170 கிரெய்ன் குண்டுக்கு 200 கெஜத்தில் மிஞ்சும் ஆற்றல் 989 அடி-பவுண்டு. 100 கெஜத்தில் உன் .223-க்கு 921. காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். மானின் உடம்பில் சமம் இல்லை. .30-30-இன் குண்டு பதினோரு கிராம். அது பாதி உடைந்து சிதறினாலும் ஐந்தரை கிராம் முன்னே போய்க்கொண்டிருக்கும். உன்னுடையது சிதறாமல் இருக்கும்போதே மூன்றரை கிராம்தான். ஆற்றல் என்பது செய்ய முடிந்த வேலையின் அளவு. அந்த வேலை தோலுக்கடியில் இரண்டு அங்குலத்திலேயே தீர்ந்துவிடுகிறதா, நெஞ்சுக்கூட்டின் மறுபக்கம் வரை நடக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது குண்டின் எடையும் கட்டுமானமும்.

மான் எதனால் சாகிறது என்று தெரிந்தால் இது தெளிவாகும். மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டால் ஒழிய, மான் சாவது மூளைக்கு ரத்தம் போவது நின்றுபோவதால். இரண்டு நுரையீரலும் கிழிய வேண்டும், அல்லது இதயமோ அதன் மேலிருக்கும் பெருங்குழாய்களோ அறுபட வேண்டும். அப்படிப் பட்ட பிறகும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவை வைத்துக்கொண்டு மான் பத்துப் பதினைந்து நொடி ஓடும். ஓடுகிற மானுக்கு அது ஐம்பது, நூறு கெஜம். பக்கவாட்டில் நிற்கும் மானின் நெஞ்சு ஏறத்தாழ ஒரு அடி அகலம். கொஞ்சம் சாய்ந்து நின்றால் குண்டு கடக்க வேண்டிய தூரம் இன்னும் கூடும். வழியில் முன்சப்பை எலும்பு குறுக்கிடலாம். 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மேன் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் மார்ட்டின் ஃபேக்லர் என்ற ராணுவ அறுவை மருத்துவர் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சுட்டு இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்: குண்டு நேரடியாக நசுக்கிக் கிழிக்கும் நிரந்தர ஓட்டை ஒன்று, சுற்றியுள்ள தசை ஒரு கணம் விரிந்து திரும்பிவிடும் தற்காலிகக் குழி மற்றொன்று. நுரையீரல் மிருதுவானது, விரிந்தாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே வேகம் எழுப்பும் அதிர்ச்சியை மட்டும் நம்பாதே. நசுக்கிக்கொண்டு போகும் அகலமான முனை இரண்டு நுரையீரலையும் தாண்டி மறுபக்கம் வெளியே வர வேண்டும்.

வெளியே வர வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 5.7 மில்லிமீட்டர் நுழைவுத் துளையைத் தோலும் மயிரும் மூடிக்கொள்ளும். ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும், தரையில் சொட்டாது. டெக்சஸின் ஹில் கன்ட்ரிப் பகுதியில் ஜூனிப்பர் புதருக்குள் எண்பது கெஜம் ஓடி விழுந்த மானை, ரத்தச்சுவடு இல்லாமல் இருட்டும் நேரத்தில் தேடுவது என்பது பல சமயம் அதை இழப்பதுதான். பெரிய காலிபரில் நுழைவுத் துளையும் சில சமயம் தடம் காட்டும். உனக்கு வெளியேறும் துளைதான் தடம்.

இந்த அளவுகோலோடு கடை அலமாரிக்கு வா. .223 பெட்டிகளில் பெரும்பாலானவை மானுக்காகச் செய்தவை இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ராணுவ வகை முழுவுறைக் குண்டு மலிவு, எங்கும் கிடைக்கும், விரியாது. சில சமயம் புரண்டு உடையும், சில சமயம் ஊசி குத்தினாற்போல் ஊடுருவிப் போய்விடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல மாநிலங்களில் மானுக்கு அது சட்டவிரோதமும்கூட. அடுத்தது பிரெய்ரி நாய், கொயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்கான குண்டு. வண்ண பிளாஸ்டிக் முனையோடு பார்க்க அழகாக இருக்கும். துல்லியத்திலும் குறை சொல்ல முடியாது. ஹார்னடியின் வி-மேக்ஸ் இந்த ரகம். மெல்லிய உறை, மிருதுவான ஈயம். பட்டவுடன் தூளாகும்படி வேண்டுமென்றே செய்தது. ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு அது சரி. மானின் முன்சப்பையில் பட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் பயங்கரமான காயம், ஆழமோ இரண்டு மூன்று அங்குலம். மான் மூன்று காலில் ஓடிப்போய் நாள்கணக்கில் சாகும். .223 மானுக்கு ஆகாது என்று சொல்பவர்கள் கூறும் கதைகளை நிதானமாக விசாரித்தால் பலவற்றில் இந்தக் குண்டுதான் குற்றவாளி. துப்பாக்கி மேல் பழி போட்டுவிட்டார்கள்.

மானுக்காகச் செய்த .223 குண்டுகள் மூன்று வழியில் வருகின்றன. ஈயக் கருவை உறையோடு உருக்கி ஒட்டியவை ஒன்று, பாண்டட் என்பார்கள். ஃபெடரல் ஃபியூஷன் 62 கிரெய்ன் அதற்கு நல்ல உதாரணம். உறையும் ஈயமும் பிரியாததால் காளான்போல் விரிந்தபின்னும் எடையில் பெரும்பகுதி நிற்கும். இரண்டாவது, நடுவே செம்புச் சுவர் வைத்து முன்னறை பின்னறையாகப் பிரித்த நாஸ்லர் பார்ட்டிஷன், 60 கிரெய்ன். முன்னறை விரிந்து சிதறினாலும் பின்னறை சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து தள்ளிக்கொண்டே போகும். மூன்றாவது ஈயமே இல்லாத முழுச் செம்பு, பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ் போன்றவை. முனையின் குழி நான்கு இதழாக விரியும். எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இவற்றோடு வின்செஸ்டர் 64 கிரெய்ன் பவர்-பாயிண்ட் போல, ஒட்டாத கரு என்றாலும் மானை மனதில் வைத்துச் செய்த சாஃப்ட் பாயிண்ட் குண்டுகளும் உண்டு. விலை குறைவு, நேர்ப்பக்கச் சூட்டுக்கு மோசமில்லை. முதல் மூன்றையும் நான் முன்னே வைப்பேன்.

பெரிய துப்பாக்கிக்காரர்களே இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றார்கள். 1946-இல் ஜான் நாஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லாத வலிமை. மூஸின் தோலில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. வேகமான குண்டுகள் அதில் பட்டு மேலேயே உடைந்தன, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியதும் அவர் வலிமையான வேறு துப்பாக்கி தேடவில்லை. சுவர் வைத்த குண்டைச் செய்தார். 1948-இல் விற்கத் தொடங்கினார். உன் துப்பாக்கியைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் இருந்தும் கட்டுமானம் கைவிட்டது என்றால், நான்கு கிராம் குண்டோடு போகிற உனக்கு அந்த எச்சரிக்கை எத்தனை மடங்கு பொருந்தும் என்று நீயே கணக்கிட்டுக்கொள்.

இதற்கு எதிராக வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. தென் கரோலைனாவில் சீடார் நால் என்ற வேட்டைச் சங்கத்தின் நிலத்தில் 500-க்குச் சற்றுக் குறைவான சுடப்பட்ட மான்களைப் பதிவு செய்து மாநில வனவிலங்குத் துறை ஆராய்ந்தது. .24 முதல் .30 வரை காலிபரால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதுகூட என் கட்சிக்கு ஆதரவுதான். ஆனால் மிருதுவாகச் சட்டென்று விரியும் குண்டுகள் பட்ட மான்கள், கடினமான குண்டு பட்டவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக அங்கேயே விழுந்தன. ஓடியவையும் குறைந்த தூரமே ஓடின. அப்படியானால் நான் கெட்டியான குண்டைப் பரிந்துரைப்பது தப்பா? அந்த ஆய்வில் இருந்த மிகச் சிறிய துப்பாக்கியே .243 வகை. அதன் 100 கிரெய்ன் குண்டு ஆறரை கிராம். .30-இன் 150 கிரெய்ன் குண்டு பத்து கிராமை நெருங்குகிறது. அவற்றுக்குச் சிதற எடை உண்டு; பாதியைத் தொலைத்துவிட்டும் மறுபக்க நுரையீரலைத் தொடும். அந்த ஊதாரித்தனம் உனக்குக் கட்டுப்படியாகாது. ஆய்வு சொன்னதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: எடை போதுமான அளவு இருக்கும்போது சீக்கிரம் விரிவது லாபம்; எடையே பற்றாக்குறை என்றால் எடையைக் காப்பாற்றுவது முதல் வேலை, விரிவது இரண்டாவது. அதே ஆய்விலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள். கெட்டியான குண்டு பட்ட மான் சற்றுத் தூரம் ஓடலாம் என்பதால்தான் வெளியேறும் துளை உனக்கு இரட்டிப்பு முக்கியம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று வாதிடுகிறவர்கள் இரண்டு பெயரைச் சொல்வார்கள். ஒருவர் கரமோஜோ பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைப் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர், 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கிகளால் சாய்த்தவர். மற்றவர் சீனாவின் ஃபூஜியனில் இருந்த பாதிரியார் ஹாரி கால்ட்வெல், 1912-இல் வந்த .22 சாவேஜ் ஹை-பவரால் புலி சுட்டவர். இரண்டும் உண்மை. ஆனால் பெல்லின் 7 மில்லிமீட்டர் குண்டு 173 கிரெய்ன். குறுக்குவெட்டுப் பரப்புக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண் ஒன்று உண்டு, செக்‌ஷனல் டென்சிட்டி. பெல்லின் குண்டுக்கு அது .306. உன் 62 கிரெய்ன் குண்டுக்கு .177. விரியாத நீண்ட குண்டைக் கொண்டு, யானையின் உடற்கூறைப் படித்துத் தேர்ந்து, மூளையைக் குறிபார்த்துச் சுட்டவர் அவர். கடுகின் காரத்துக்கு அவர் சாட்சி இல்லை. குண்டைத் தேர்ந்தெடுப்பதற்குச் சாட்சி. கால்ட்வெல்லைப் பொறுத்தவரை, புலியை எதிர்கொண்டு ஒருவர் பிழைத்தார் என்பது அவரது நெஞ்சுரத்துக்கும் குறிக்கும் சான்று. அதை விதியாக எடுத்துக்கொண்ட வேறு எவரும் தம் கதையைச் சொல்ல மிஞ்சினார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரியான இடத்தில் பட்டால் போதும், குண்டெல்லாம் ஒரு பொருட்டா என்பது நீ அதிகம் கேட்கப்போகும் பேச்சு. பாதி உண்மை. .223-இன் பின்னுதைப்பு .30-06-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கண் இமைக்காமல், விசையை இழுத்துக் குலுக்காமல் சுடப் பழக இதைவிட நல்ல துப்பாக்கி இல்லை. பயந்து சுடுகிற பெரிய துப்பாக்கிக்காரனைவிடப் பழகிச் சுடுகிற சின்னத் துப்பாக்கிக்காரன் மேல். இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க இருக்கிற ஒரே பலமான காரணமும் அதுதான். ஆனால் மான் தாளில் அச்சடித்த வட்டம் இல்லை. விசை இழுக்கும் நொடியில் ஒரு அடி எடுத்து வைக்கும், காற்று தள்ளும், முதல் மானைப் பார்த்த கை நடுங்கும். குறி நான்கு அங்குலம் பிசகி எலும்பில் படும் அந்த ஒரு முறைக்காகத்தான் நல்ல குண்டு. இடம் மட்டுமே போதும் என்பது உண்மையானால் .22 ரிம்ஃபயரே போதும். திருட்டு வேட்டைக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். டெக்சஸ் அதைத்தான் தடை செய்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு கட்சி வளர்ந்திருக்கிறது. இலக்குச் சுடுபவர்களுக்காகச் செய்த சியெரா 77 கிரெய்ன் டிப்டு மேட்ச்கிங் குண்டை மானுக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும் பயன்படுத்துகிறவர்கள். முனை உடைந்து அகலமான காயம் உண்டாக்குகிறது, எடை கூடுதல் என்பதால் ஆழமும் போகிறது என்கிறார்கள். அவர்கள் காட்டும் பலன்களைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. 77 கிரெய்ன் என்பது இந்தக் காலிபரில் கனமான குண்டு, கனம் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அது இலக்குக்காகப் பிறந்த குண்டு. எலும்பில் பட்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்ததில்லை. சிதறும் ஈயம் இறைச்சியெங்கும் பரவும். கோணத்தையும் தூரத்தையும் எடைபோட்டுச் சூட்டைக் கைவிடத் தெரிந்த அனுபவசாலிக்கு அது ஒரு தேர்வாக இருக்கட்டும். முதல் பருவத்துக்குப் போகிற உனக்கு வேண்டாம். தவிர அதற்குக் குழலின் முறுக்கு 1:8 ஆவது வேண்டும், எல்லா .223 துப்பாக்கியிலும் அது இருக்காது.

முறுக்கு என்றேன், குண்டு வாங்குவதற்கு முன் நீ செய்ய வேண்டிய வேலை இது. குழலுக்குள் இருக்கும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதுதான் அந்த எண். குண்டு நீளமாக ஆக வேகமான முறுக்கு தேவை. இல்லாவிட்டால் குண்டு தள்ளாடும், தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளைபோல நீண்ட துளை விழும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளம். பழைய போல்ட் துப்பாக்கிகள் பலவற்றில் 1:12 தான்; அவை 55 கிரெய்னுக்கு மேல் சாதாரணமாகத் தாங்காது. 1:9 இருந்தால் 62 கிரெய்ன் பாண்டட் குண்டு நன்றாகப் போகும். பார்ன்ஸின் 70 கிரெய்ன் செம்புக் குண்டுக்கு 1:8 கேட்கிறார்கள். உன் குழலின் எண் பெரும்பாலும் குழல் மேலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால், துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுழலும் கைப்பிடி கொண்ட துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்து. கம்பி வரியோடு சேர்ந்து மெல்லத் திரும்புவது கைக்குத் தெரியும். குழல்வாய்க்கு நேராகக் கம்பியில் ஒரு நாடா ஒட்டி, கைப்பிடிக்கருகே மேல்பக்கம் பேனாவால் ஒரு கோடு போடு. மெதுவாக இழு. கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அள. ஒன்பது என்றால் உன் முறுக்கு 1:9. இரண்டு மூன்று தடவை அளந்து பார்த்துக்கொள். துணி வழுக்கினால் எண் பொய் சொல்லும்.

தூரத்தைக் குண்டுதான் தீர்மானிக்கும் என்று தொடக்கத்தில் சொன்னேன். விரியும் குண்டு எதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விரியாது. செம்புக் குண்டுகளுக்குப் பொதுவாக நொடிக்கு 2,000 அடி என்று வைத்துக்கொள்ளலாம், ஈயம் ஒட்டியவற்றுக்கு இன்னும் சற்றுக் குறைவு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உன் துப்பாக்கிக் குழல் 16 அங்குலம் என்றால் ஒவ்வொரு அங்குலக் குறைவுக்கும் 25 முதல் 40 அடி வேகம் போகும் என்று கழி. 3,000 என்று போட்டிருந்தால் உனக்குக் கிடைப்பது 2,750 சொச்சம். 200 கெஜத்தில் 2,200 வாக்கில் நிற்கும். விரியும், ஆனால் குறைவாக விரியும். எலும்பு குறுக்கிட்டால் மிச்சம் போதாது. அதனால் 150 கெஜத்தைக் கோடாக வை. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது உன்னைவிட்டு லேசாக விலகிச் சாய்ந்து நிற்க வேண்டும். குறி முன்சப்பைக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். உன்னை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மானை விட்டுவிடு. பின்பக்கம் காட்டி நிற்கும் மானைப் பின்னாலிருந்து சுடுவதை ‘டெக்சஸ் ஹார்ட் ஷாட்’ என்று கேலியாகச் சொல்வார்கள், கேலியாகவே இருக்கட்டும். அகன்ற புல்வெளியில் 300 கெஜத்தில் சுட வேண்டிய நிலம் என்றால் உன் துப்பாக்கி அந்த நிலத்துக்கு உரியதில்லை. மின்னசோட்டாவில் 200 பவுண்டைத் தாண்டும் முதிர்ந்த கிடா மானுக்கும் இதே பேச்சு. ஹில் கன்ட்ரி மான்கள் சிறிய உடம்பு கொண்டவை என்பது உன் அதிர்ஷ்டம்.

ஈயத்தைப் பற்றி வேட்டைக்காரர்கள் பேச விரும்புவதில்லை. நீ பேசு, ஏனென்றால் இறைச்சி உன் வீட்டுக்குத்தான் வரப்போகிறது. 2008-இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்காகத் தானமாக வந்த மான் கொத்துக்கறியை ஊடுகதிர்ப் படம் பிடித்துப் பார்த்தபோது ஈயத் துணுக்குகள் தெரிந்தன; அதை விநியோகிக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. கலிபோர்னியக் காண்டோர் கழுகு 1982-இல் 22 பறவைகளாகச் சுருங்கியது. மீட்டு வளர்த்துக் காட்டில் விட்ட பிறகும், வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடலிலிருந்த ஈயம்தான் அவற்றுக்குப் பெரிய எமன். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டை முழுவதுமாகத் தடை செய்தது. வேகமான சின்னக் குண்டுதான் அதிகம் சிதறும் என்பதால் இந்தக் கவலை .30-காரனைவிட உனக்கு நெருக்கமானது. செம்பு விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஒரு பருவத்தில் மானை நோக்கி நீ சுடப்போவது ஒன்றோ இரண்டோ குண்டு.

கடைசியாக ஒரு நேரடிக் கேள்வி: இத்தனை கட்டுப்பாடு எதற்கு, 1955-இலேயே வந்துவிட்ட .243 வின்செஸ்டரை வாங்கினால் தீர்ந்ததே? தீரும். கையில் துப்பாக்கியே இல்லாமல் நீ கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். 100 கிரெய்ன் குண்டு, 200 கெஜத்தில் 1,332 அடி-பவுண்டு, தோளுக்குத் தொந்தரவில்லாத பின்னுதைப்பு. மான் துப்பாக்கி என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்த அலமாரியிலும் 58 கிரெய்ன் சிறுவிலங்குக் குண்டு இருக்கிறது; அதை எடுத்துக்கொண்டு போனால் .223-இன் பழைய கதையே திரும்பும். கையில் இருப்பது .223 என்றால், அதை வைத்துக்கொண்டே நல்ல வேட்டைக்காரன் ஆகலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகையால் இந்த வாரம் இதைச் செய். முறுக்கை அள. 1:9 அல்லது வேகமானது என்றால் 62 கிரெய்ன் பாண்டட் ஒரு பெட்டி, 60 கிரெய்ன் பார்ட்டிஷன் ஒரு பெட்டி, 55 அல்லது 62 கிரெய்ன் செம்பு ஒரு பெட்டி வாங்கு. 1:12 என்றால் 55 கிரெய்ன் செம்பிலிருந்து தொடங்கி, தாளில் துளை வட்டமாக விழுகிறதா என்று பார். வாங்கியவற்றை 100 கெஜத்தில் சுட்டு உன் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு. தேர்வான குண்டில் ஒரே லாட் எண் உள்ள பெட்டிகளாக மூன்று நான்கு வாங்கி, ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் சுடும் களத்திலேயே தீர்த்துவிடு. மான் விழுந்த பிறகு தோலை உரிக்கும்போது அவசரப்படாதே: நுழைந்த துளை, வெளியேறிய துளை, நுரையீரல் கிழிந்த அகலம் மூன்றையும் பார். குண்டு மறுபக்கத் தோலுக்கடியில் சிக்கியிருந்தால் கழுவித் தராசில் வை. 62-இல் 50-க்கு மேல் நின்றால் அதே பெட்டியை அடுத்த வருஷமும் வாங்கு. முப்பதுக்குக் கீழே வந்தால் மான் விழுந்திருந்தாலும் குண்டை மாற்று.

அன்புடன்,
உன் அண்ணன்